முயலைப் பார்த்தாயா? பள்ளி ஆளுகைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைமையாசிரியர் அவர்களுக்கும், ஆளுகைக் குழுவில் உள்ள பெற்றோர், ஆசிரியர், மாணவப் பிரதிநிதிகளுக்கும்,

ஜூன் தேர்வில் பத்தாம் வகுப்பு வரலாற்றுத் தாள் எழுதிய ஐந்து பிள்ளைகளுக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறீர்கள். ‘தேர்வு முறைகேடு’ என்று அவரவர் வீட்டுக்குக் கடிதம் போயிருக்கிறது. அவர்கள் எழுதிய தாள்களைத் திருத்தவே இல்லை என்று வகுப்பாசிரியரே சொல்கிறார். போதாததற்கு, தேர்வு முடிந்தபின் எந்தப் பாடத்தின் வினாத்தாளைப் பற்றியும் மாணவர்கள் தங்களுக்குள் பேசக்கூடாது, வினாத்தாளை வீட்டுக்குக் கொண்டுபோகவும் கூடாது என்று ஜூலையில் ஒரு சுற்றறிக்கை. முறைகேடு நடந்ததாக நீங்கள் சொல்லும் இடத்தில், நீங்கள் சொல்லும் நேரத்தில், நான் உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

ஆங்கிலத்தில் இரண்டு முறை எழுதிவிட்டேன். முதல் கடிதத்துக்குப் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று ஒரு வரி வந்தது. இரண்டாவதற்கு அதுவும் வரவில்லை. இம்முறை தமிழில், நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். உங்கள் குழுவில் இருவருக்குத் தமிழ் படிக்க வரும். அதில் ஒருவருக்குக் கைபிடித்து ‘அ’ எழுதக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். மற்றவர்களுக்கு அவர்கள் வாசித்துச் சொல்லட்டும்.

நான் யார் என்று கேட்கலாம். டர்பன் மேகஸின் பாரக்ஸில் பிறந்தவள். தென்னாப்பிரிக்காவில் இனத்துக்கு இனம் குடியிருப்பைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குரூப் ஏரியாஸ் சட்டம் எங்கள் குடும்பத்தையும் பாத்திரம் பண்டத்தோடு அள்ளி சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டது. 31 ஆண்டுகள் வரலாறு சொல்லிக்கொடுத்தேன். இப்போது சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். தேர்வுக் காலத்தில் வார நாளிலும் மண்டபத்தைத் திறந்து வைப்பேன், வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லாத பிள்ளைகள் வருவார்கள் என்று. இந்த ஐவரில் ஒருவரும் எனக்குச் சொந்தமில்லை. மூன்று பேர் தமிழ்ப் பிள்ளைகள், ஒருத்தி தெலுங்கு வீட்டுப் பெண், இன்னொருவன் உம்லாசியிலிருந்து டாக்ஸி பிடித்துப் பள்ளிக்கு வரும் சூலு பையன். மற்றவர்கள் என்னை ஆயா என்பார்கள், அவன் கோகோ என்பான். இரண்டுக்கும் அர்த்தம் பாட்டிதான்.

அன்று வியாழக்கிழமை. உங்கள் கூடத்தின் கூரை ஒழுகுகிறது என்று பாதி இடத்தைக் கயிறு கட்டி மறித்திருந்தீர்கள். அதில் எனக்குக் குறை இல்லை. பத்தாம் வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரே வினாத்தாளைக் காலை 8.30க்கு ஒரு பாதிக்கும் பகல் 12 மணிக்கு மறு பாதிக்கும் கொடுத்தீர்கள். நானும் என் காலத்தில் இப்படிச் செய்ததுண்டு. செய்தால் ஒரு காரியம் கட்டாயம்: முதல் பாதி வெளியே வருமுன் இரண்டாம் பாதியை ஓர் அறையில் உட்காரவைத்து, கைப்பேசிகளை வாங்கி வைக்க வேண்டும். உங்கள் சுற்றறிக்கையிலேயே அப்படித்தான் இருந்தது: காலை 10.15, நூலகம். ஆனால் நூலகச் சாவியை வைத்திருப்பவர் அன்று வரவில்லை. இரண்டாம் பாதிப் பிள்ளைகள் 11.40 வரை மைதானத்தில் திரிந்தார்கள், வாசல் கடையில் நின்றார்கள். காலையில் எழுதி முடித்தவர்கள் 10.30க்கு அவர்களைத் தாண்டித்தான் வெளியே போனார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் யார் யாரிடம் என்ன சொன்னார்களோ, உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எழுதி முடித்த கையோடு பள்ளியை விட்டுக் கிளம்பிய ஐந்து பேர் மட்டும் மாட்டிக்கொண்டார்கள்.

11.10 இருக்கும், மண்டபத்துக்கு வந்தார்கள். ஆளுக்கொரு கால் பீன்ஸ் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றியது) வாங்கக் காசு போதாமல் இரண்டு வாங்கிப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். வினாத்தாளைத் தரையில் விரித்தார்கள். எண்ணெய்க் கறை பட்டது. பேச்செல்லாம் ஆங்கிலம்தான், நான் தமிழில் தருகிறேன்.

“முயலை எழுதினியா?” என்றாள் தெலுங்கு வீட்டுப் பெண்.

“எந்த முயல்?”

நீங்கள் கொடுத்த முதல் ஆதாரம் 1789இல் பிரான்சில் வந்த கேலிச்சித்திரம். ஒரு கிழட்டு விவசாயி மண்வெட்டியை ஊன்றிக் குனிந்து நிற்கிறான். முதுகில் ஒரு பாதிரியும் ஒரு பிரபுவும் சவாரி செய்கிறார்கள். மூன்றாம் வகுப்பாரான பொதுமக்கள், முதல் இரு வகுப்பாரான பாதிரிகளையும் பிரபுக்களையும் சுமந்த கதை. இதை எல்லாரும் எழுதியிருந்தார்கள். படத்தின் கீழே, காலடியில், முயல்கள் அவன் பயிரைத் தின்கின்றன, பறவைகள் தானியத்தைக் கொத்துகின்றன. உங்கள் நகல் இயந்திரத்தின் தயவில் முயல் ஒரு மைக்கறை போலத்தான் இருந்தது. நான்கு பேர் அதைக் கறை என்றே நினைத்து விட்டுவிட்டார்கள். ஒருத்திதான் கண்டுபிடித்தாள், காதை வைத்து.

“இருந்தால் என்ன? இயற்கை என்று காட்டப் போட்டிருப்பான்.”

“வேட்டை உரிமை பிரபுக்களுக்கு மட்டும்தானே. இவன் தன் வயலில் முயல் மேய்ந்தாலும் அதைக் கொல்ல முடியாது. பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.”

சூலு பையன் தாளை எடுத்து மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தான். “அப்போ மேலேயும் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள், கீழேயும் தின்கிறார்கள்” என்றான். நான் வகுப்பறையில் இருந்த 31 ஆண்டில் இந்தப் படத்தைப் பத்து முறையாவது பாடமாக நடத்தியிருப்பேன். இவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொல்ல வந்ததில்லை.

அந்தப் பக்கம் விளக்குத் துலக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா, எண்பதைத் தாண்டியவர், என்ன படம் என்று கேட்டு வாங்கிப் பார்த்தார். அவருடைய தகப்பனார் வடக்குக் கரைத் தோட்டத்தில் கரும்பு வெட்டியவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “முதுகில் ரெண்டு பேர்தானா? சர்தார் எங்கே?” என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். சர்தார் என்றால் யார் என்று கேட்டவள் அந்தத் தெலுங்குப் பெண். தோட்டத்தில் வெள்ளைக்காரனுக்குக் கீழே, நம் ஆட்களிலேயே ஒருவனை, நம் ஆட்களை வேலை வாங்க வைத்திருந்தார்கள், அவன்தான் என்று அம்மா விளக்கினார். பிறகு யாரும் சிரிக்கவில்லை. பிரான்சில் வரி வசூலித்தவர்கள் யார், அவர்கள் எந்த வகுப்பைச் சேர்ந்தவர்கள் என்று ஒருவன் கேட்டான். அதற்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. நானும் வீட்டுக்குப் போய்த் தேடித்தான் சொன்னேன்.

அடுத்தது கட்டுரைக் கேள்வி. பிரெஞ்சுப் புரட்சி, ஹைத்தி, அடிமை முறை. இங்கேதான் சண்டையே வந்தது. பல்லுக்குக் கம்பி போட்ட பையன், பாரிஸ் கன்வென்ஷன் என்ற புரட்சிச் சட்டமன்றம் 1794இல் அடிமை முறையை ஒழித்தது என்று முடித்திருந்தான். “1802இல் நெப்போலியன் திரும்பக் கொண்டுவந்தானே, அதை விட்டுட்டியா?” என்றாள் மூத்தவள். அவன் முகம் விழுந்துவிட்டது. அதற்குள் சூலு பையன் இருவரையுமே பிடித்துக்கொண்டான்: “1789 ஆகஸ்டில் மனிதர் எல்லாரும் பிறப்பால் சுதந்திரர், சம உரிமை உடையவர் என்று எழுதினார்கள். 1794 வரை ஏன் காத்திருந்தார்கள்? நடுவில் 1791 ஆகஸ்டில் ஹைத்தியில் அடிமைகளே எழுந்து கரும்புத் தோட்டங்களைக் கொளுத்தினார்கள், அதனால்தானே?” அவர்களுடைய தலைவர் தூசாங் லூவர்த்தூர் பிரெஞ்சுச் சிறையில் 1803இல் செத்ததையும், 1804 ஜனவரி 1ஆம் தேதி ஹைத்தி விடுதலை பெற்றதையும் ஆளுக்கொரு துண்டாகச் சொல்லிச் சேர்த்தார்கள்.

“சரி, அடிமைகள் போனால் சர்க்கரையை யார் செய்தார்கள்?” என்று ஒரு கேள்வி வந்தது. கேட்டது நான் இல்லை. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் 1834இல் அடிமை முறை போனது, அதே ஆண்டிலிருந்து மொரீஷியஸுக்கு ஒப்பந்தக் கூலிகள், 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் டர்பன் துறைக்கு வந்தது. இந்த முடிச்சைப் போட எனக்கு மூன்று பாடவேளை பிடிக்கும். வினாத்தாளை நடுவில் வைத்துக்கொண்டு அவர்கள் கால் மணி நேரத்தில் போட்டுவிட்டார்கள். நான் இரண்டு ஆண்டுகளை மட்டும் திருத்தினேன்.

இதற்குத்தான் பூஜ்யம்.

உங்கள் கையில் இருக்கும் ஆதாரத்துக்கு வருகிறேன். வாட்ஸாப்பில் ஒரு வாய்ஸ் நோட். முயலைக் கண்டுபிடித்த பெண், இரண்டாம் பாதியில் எழுதிய தன் சித்தி மகளுக்கு அனுப்பியது. ஒன்பது விநாடி. “முயலைப் பார்த்தியா? இங்கே யாருமே பார்க்கலை” என்று சொல்லிச் சிரிக்கிறாள், அவ்வளவுதான். அனுப்பியது தப்பு. இரண்டாம் பாதி எழுதி முடிக்கும் வரை வாயைத் திறந்திருக்கக் கூடாது என்று அன்றே அவளைக் கண்டித்தேன். அவளும் ஒப்புக்கொண்டாள். அதை இங்கே மறைக்கவில்லை.

ஆனால் வரலாற்றுத் தாளில் நீங்களே கேட்பீர்களே, இந்த ஆதாரம் எவ்வளவு நம்பத்தக்கது, யார், எப்போது, எதற்காக உருவாக்கியது என்று. அதே கேள்வியை இதன்மேல் கேட்டுப் பாருங்கள். அனுப்பிய நேரம் பகல் 12.10. அது கைப்பேசியிலேயே பதிவாகியிருக்கிறது, உங்களுக்கும் காட்டியிருக்கிறார்கள். இரண்டாம் பாதித் தேர்வு 12 மணிக்குத் தொடங்கிவிட்டது. அந்தச் சித்தி மகளின் கைப்பேசி அப்போது உங்கள் ஆசிரியர் மேசையில், உறையில் கிடந்தது. அவள் அந்தக் குரலைக் கேட்டது 2.05க்கு, விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபின். இதையும் அந்தக் கைப்பேசி சொல்கிறது. அவள் தாளை எடுத்துப் பாருங்கள், முயலைப் பற்றி ஒரு வரி இருக்காது. அவளே வருத்தப்பட்டுச் சொன்னாள்.

மற்ற நால்வர் எதையும் யாருக்கும் அனுப்பவில்லை. கூட உட்கார்ந்து பேசினார்கள் என்பதுதான் அவர்கள் மேல் குற்றம். ஐந்து பேரையும் தனித்தனியே அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, பெற்றோர் யாரும் இல்லாமல், பத்துப் பத்து நிமிடம் விசாரித்து, எழுதிக்கொடு என்று வாங்கியிருக்கிறீர்கள். ‘விடைகளைப் பற்றிப் பேசினேன்’ என்று எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். பேசினார்கள், எழுதினார்கள். அதை ஒப்புதல் வாக்குமூலம் என்கிறீர்கள். 1996ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டம், ஒழுங்கு நடவடிக்கை என்றால் முறையான விசாரணை வேண்டும் என்கிறது. நிர்வாக முடிவு சட்டப்படியும் நியாயமாகவும் நடைமுறை தவறாமலும் இருக்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு எழுத்தில் காரணம் தர வேண்டும் என்கிறது நம் அரசியல் சட்டத்தின் 33ஆம் பிரிவு. சட்டம் பேசுவதில் எனக்கு ஆசை இல்லை. ஆனால் அந்தச் சட்டம் வருமுன் இந்த நாட்டில் பள்ளிக்கூடங்கள் எப்படி இருந்தன என்று அறிந்தவள் நான். பேசுகிற பிள்ளையைப் பார்த்துப் பயந்த நிர்வாகத்தின் கீழ் நான் படித்தும் இருக்கிறேன், வேலையும் பார்த்திருக்கிறேன்.

சாவி வராமல் போனது உங்கள் பக்கம். சாவிக்கு யாரும் பதில் சொல்லவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறீர்கள்.

இன்னொன்று கேட்கிறேன். பிள்ளைகள் ஏன் தெருவிலும் கோயில் மண்டபத்திலும் உட்கார்ந்து விடை ஒப்பிடுகிறார்கள்? உங்கள் பள்ளியில் அதற்கு இடம் இல்லை. திருத்திய தாள் கைக்கு வருவதில்லை. மெமோவை, அதாவது திருத்துபவருக்கான விடைக் குறிப்பை, கண்ணால் பார்ப்பதில்லை. மதிப்பெண் மட்டும் அறிக்கையில் ஓர் எண்ணாக வரும். 100க்கு 58 என்றால் அந்த 42 எங்கே போனது என்று யாரைக் கேட்பது? போன நவம்பரில் என் வகுப்புப் பெண் ஒருத்தி, இந்த நாட்டுக்கு இந்தியர் முதலில் வந்தது எப்போது என்ற கேள்விக்கு, டச்சுக் கம்பெனி காலத்திலேயே வங்காளம், மலபார், சோழமண்டலக் கரையிலிருந்து அடிமைகளாகக் கேப்புக்கு (நன்னம்பிக்கை முனைக்கு) வந்தார்கள் என்று எழுதினாள். அது உண்மை. 1652இல் டச்சுக்காரர் கேப்பில் கால் வைத்த சில ஆண்டுகளிலேயே தொடங்கிய கதை அது. மெமோவில் 1860 என்று இருந்ததாம். தாளைக் காட்டுங்கள் என்று கேட்டதற்கு, தாள்கள் பெட்டக அறையில் இருக்கின்றன என்று பதில். அவளுக்கு எத்தனை மதிப்பெண் போனது என்று இன்றுவரை தெரியாது. (1600ஆம் ஆண்டின் உலகம் என்ற பாடத்தில் மொகலாயர் இருக்கிறார்கள், அதே காலத்து மதுரை நாயக்கர் ஏன் இல்லை என்ற வழக்கு வேறு. அதை உங்களிடம் வைக்கவில்லை. பாடத்திட்டம் நீங்கள் போட்டதில்லை.)

நாட்டின் கல்வித் துறையே பழைய மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) தாள்களையும் மெமோக்களையும் இணையத்தில் போட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறது. நீங்கள் பத்தாம் வகுப்பு ஜூன் தாளைப் பூட்டி வைக்கிறீர்கள்.

நான் மெட்ரிக் எழுதியது 1971இல். வரலாற்றுத் தாள் முடிந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். பிரஷ்யா பிரான்சோடு போரிட்டது 1866 என்று எழுதியிருந்தேன். பக்கத்தில் நின்றவள், “அது ஆஸ்திரியாவோடு, பைத்தியமே! பிரான்சோடு 1870” என்றாள். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டுச் சண்டை போட்டோம். என் கல்யாணத் தேதியை ஒருமுறை மறந்திருக்கிறேன், அந்த இரண்டு ஆண்டுகளை மறந்ததில்லை. பிற்பாடு என் மாணவர்களுக்குப் பிஸ்மார்க் பாடத்தை அந்தப் பஸ் நிறுத்தத்திலிருந்துதான் தொடங்குவேன்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். ஆடிக் கூழ் ஊற்றிய அன்று, வரிசையில் நின்ற ஒரு தாய் என்னைப் பார்த்ததும் செம்பை மாற்றிப் பிடித்துக்கொண்டு, “எங்க பொண்ணு காப்பி அடிச்சாளாம், ஆயா” என்றார். காப்பி! அந்தப் பெண்தான் முயலைத் தானாகக் கண்டுபிடித்தவள். சூலு பையன் மூன்று வாரமாக மண்டபத்துக்கு வருவதில்லை. சனிக்கிழமை வகுப்பில் மற்ற பிள்ளைகள் கணக்குத் தாளைப் பற்றி ஏதோ பேச ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, “ஆயா, இதைப் பேசலாமா?” என்று என்னைக் கேட்கிறார்கள்.

ஆகவே நான் கேட்பது இவை.

பெட்டகத்தில் கிடக்கும் அந்த ஐந்து விடைத்தாள்களையும் எடுத்துத் திருத்துங்கள். கிடைத்த மதிப்பெண்ணை அறிக்கையில் ஏற்றுங்கள். ‘முறைகேடு’ என்ற சொல்லை அவர்களுடைய பதிவேட்டிலிருந்து நீக்கி, நீக்கிவிட்டதாகப் பெற்றோருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாய்ஸ் நோட் அனுப்பிய பெண்ணுக்கு ஓர் எச்சரிக்கை கொடுக்க விரும்பினால் கொடுங்கள், அதை நான் எதிர்க்கவில்லை. இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றால் வேறு தாள் போட்டு ஐவருக்கும் வையுங்கள். அவர்கள் எழுதுவார்கள், நான் கேட்டுவிட்டேன். ஆனால் அதற்கு முன், முதல் தாளைப் பூஜ்யமாக்கியதற்கான காரணம் ஒவ்வொரு வீட்டுக்கும் எழுத்தில் போக வேண்டும்.

ஜூலைச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். எல்லாப் பாதியும் எழுதி முடியும் வரை பேசாதே என்று சொல்லுங்கள், அது நியாயம். அதன்பின் பேசாதே என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. ஒரு தாளை இரண்டு நேரத்தில் வைப்பதானால் காத்திருக்கும் பிள்ளைகளை அடைத்து வைக்க ஓர் அறையும், அதற்கு இரண்டு சாவியும், சாவிக்கு ஓர் ஆளும் ஏற்பாடு செய்யுங்கள். முடியாவிட்டால் இரண்டு தாள் தயாரியுங்கள்.

திருத்திய தாள்களை இரண்டு வாரத்துக்குள் பிள்ளைகள் கையில் கொடுங்கள். மெமோவோடு, ஒரு முழுப் பாடவேளை ஒதுக்கி, அவர்கள் ஒருவர் தாளை ஒருவர் பார்த்து வாதாட விடுங்கள். ஆசிரியருக்கு நேரமில்லை என்றால் வரலாற்று வகுப்புக்கு நான் வந்து உட்காருகிறேன். சம்பளம் வேண்டாம், ஒரு நாற்காலி போதும். படங்களை நகலெடுக்கும்போது முயல் தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

குழுவில் இருக்கும் மாணவப் பிரதிநிதிகளுக்குத் தனியாக ஒன்று: இந்த முடிவு எடுத்த கூட்டத்தில் நீங்கள் இருந்தீர்களா, உங்களைக் கேட்டார்களா என்று உங்கள் தோழர்களுக்குச் சொல்லுங்கள்.

செப்டம்பர் தேர்வு தொடங்குமுன் பதில் வேண்டும். மின்னஞ்சலில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று வந்தால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நேரில் பேச விரும்பினால் சனிக்கிழமை காலை 9 முதல் 12 வரை கோயில் மண்டபத்தில் இருப்பேன். அந்த வினாத்தாளும் என்னிடம்தான் இருக்கிறது, எண்ணெய்க் கறையோடு.

இப்படிக்கு,
சனிக்கிழமை வகுப்பு ஆயா
சாட்ஸ்வொர்த், டர்பன்